புண் காய வேண்டுமா, ஆற வேண்டுமா?

தெருவில் விளையாடப் போன பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். என்ன செய்வீர்கள், சகோதரி? பஞ்சில் டிங்சரைத் தோய்த்து, அவன் அலற அலற ஒற்றுவீர்கள். "மூடாதே! காற்றுப் பட்டால்தான் சீக்கிரம் காயும்" என்று பாட்டி கூடத்திலிருந்தே யோசனை சொல்வாள். பொருக்குத் தட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம். பெரிய பெரிய டாக்டர்களும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1962-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார். பன்றிக் குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது! மனிதத் தோலிலும் இப்படியே நடப்பதை மறு வருஷமே, 1963-ல், அமெரிக்க டாக்டர்கள் கண்டார்கள்.

காரணம் எளியது. காயத்தின் ஓரத்திலிருந்து தோலின் அணுக்கள் நகர்ந்து வந்து நடுவில் கை கோத்துக்கொள்ள வேண்டும். ஈரமிருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காய்ந்த பொருக்கு குறுக்கே கிடந்தால், அதன் அடியில் ஈரமான இடம் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டும். 'புண் காய்ந்தது' என்பதைவிட 'புண் ஆறியது' என்பதே பொருத்தமான பேச்சு போலும்!

ஈரம் என்றால் சொதசொதவென்று இருப்பதல்ல. நீர் மிஞ்சினால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளுத்துவிடும். கசிவுக்குத் தக்கபடி கட்டுப் போடுவதில்தான் நர்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது. தேர்ந்த நர்ஸ் கட்டு மாற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கையைக் கழுவிக்கொள்வாள். ஒட்டிய துணியை வெடுக்கென்று பிய்க்க மாட்டாள். உப்பு நீர் விட்டு நனைத்து, இளகிய பிறகே எடுப்பாள். பிய்த்தால் வலி மட்டுமா? நேற்று வளர்ந்த தோலும் துணியோடு வந்துவிடுமே!

ஒட்டாத கட்டுக்கு நம் வாழையிலையே உதவியிருக்கிறது. கிருமி நீக்கிய வாழையிலையைத் தீப்புண்ணின் மேல் வைத்துக் கட்டிய மும்பை டாக்டர்கள், கட்டு மாற்றும்போது வலி மிகக் குறைவு என்று 2003-ல் எழுதினார்கள். அதற்காகக் கொல்லையில் இலை நறுக்கி வந்து நீங்களே கட்டிவிடாதீர்கள்! கிருமி நீக்குவது ஆஸ்பத்திரி வேலை.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான். சிராய்ப்பைக் குழாய் நீரில் மண் போகக் கழுவுங்கள். மெல்லியதாக வாஸலைன் தடவிச் சுத்தமான கட்டுப் போடுங்கள். கட்டு நனைந்தாலும் அழுக்கானாலும் மாற்றுங்கள். சூடு பட்டால் உடனே குழாய் நீரை 20 நிமிஷம் ஓட விடுங்கள். ஐஸ், இங்க், காப்பிப் பொடி, பற்பசை எதுவும் வேண்டாம். ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி, பெரிய தீப்புண், நாய்க்கடி என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். நாய்க்கடியை மட்டும் புறப்படுமுன் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவுவது மிக அவசியம். எந்தப் புண்ணிலும் சிவப்புப் பரவினால், சீழ் வைத்தால், ஜுரம் கண்டால், வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் நீரிழிவுக்காரர் இருக்கிறாரா? நாளடைவில் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கக்கூடும். செருப்புக் கடித்த சின்னக் கொப்புளம் தெரியாமலே புரையோடி, காலையே எடுக்கும்படி ஆகிவிடுவதுண்டு. இரவு படுக்குமுன் அவருடைய பாதங்களை, விரலிடுக்கு உட்பட, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். வலிக்காத புண்ணை வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தானே தெரியும்!