தருமனைக் கேள்வி கேட்ட மாண்டவ்யர்

கடவுளின் நீதியைக் கேள்வி கேட்பது பக்திக்கு விரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். மகாபாரதத்தின் ஆதிபருவம் அப்படி நினைக்கவில்லை. மாண்டவ்யர் என்ற முனிவர் மௌன விரதத்தில் இருக்கும்போது திருடர்கள் களவுப் பொருளோடு அவர் ஆசிரமத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். காவலர் கேட்டும் அவர் வாய் திறக்காததால் அரசன் அவரையும் கழுவில் ஏற்றுகிறான். உயிர் போகவில்லை. உண்மை தெரிந்து இறக்கியபோது கழுவை உருவ முடியாமல் அறுத்துவிடுகிறார்கள். உடலில் தங்கிய துண்டோடு அவர் தருமதேவனிடம் போய், தான் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறார். சிறுவயதில் பூச்சிகளின் வாலில் புல்லைக் குத்தியதன் பலன் என்கிறான் தருமன். அற்பக் குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று வெகுண்டவர், 14 வயது வரை செய்வது பாவமாகாது என்று வரம்பு விதித்து, சூத்திரப் பெண் வயிற்றில் பிறக்கும்படி தருமனையே சபிக்கிறார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். ஒரு பிறப்பையே தண்டனையாகக் கருதிய அந்தச் சாபமும் அநீதிதான். நியாயம் கேட்டவர் கண்ணிலேயே அது படவில்லை.

ஆனாலும் அவர் கேள்வி சரியானது. வினைக்கொள்கை துன்பத்துக்குக் காரணம் சொல்கிறது. அளவுக்குக் கணக்குச் சொல்வதில்லை. உலகின் ஏற்றத்தாழ்வு இறைவனைப் பாரபட்சமுள்ளவனாக, இரக்கமற்றவனாக ஆக்காதா என்ற ஆட்சேபத்தைப் பிரம்மசூத்திரமே எழுப்புகிறது. இறைவன் அவரவர் வினைப்படியே பலன் தருகிறான், பிறவித் தொடருக்குத் தொடக்கமும் இல்லை என்பது அதன் விடை. ஒவ்வொரு பிறவிக்கும் முந்தைய பிறவியைக் காட்டலாம். இப்படியொரு தொடர் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. சிலப்பதிகாரத்தில், மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கோவலனின் முற்பிறவிப் பழியைச் சொல்கிறது. கோவலனைச் சிலம்பு திருடியவன் என்று தவறாகக் கொல்வித்த பாண்டியன் அப்படி எந்தக் காரணத்துக்குப் பின்னாலும் ஒளியவில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர்விட்டான். முன்வினை உண்மையாகவே இருந்தாலும் தவறான தீர்ப்பு சரியான தீர்ப்பாகிவிடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மனித அறிவு சிறியது, இறைவனின் நீதி அதற்கு எட்டாது என்பார்கள். நல்லது நடக்கும்போது இறைவன் நீதிமான் என்று சொல்ல எட்டும் அறிவு, குழந்தை நோயில் துடிக்கும்போது மட்டும் எட்டாமல் போவது எப்படி? தருமதேவன்கூட அந்தச் சாக்கைச் சொல்லவில்லை. கேட்டவருக்குக் காரணம் சொன்னான், அது போதாதபோது சாபத்தையும் ஏற்றான். குறையோடு பிறந்த குழந்தையின் தாயிடம் பூர்வஜென்ம வினை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், தருமனே சொல்லி நிற்க முடியாத பதிலைத்தான் அவளிடம் சொல்கிறார்கள்.