படப் புத்தகம் பழைய பேப்பர் இல்லீங்க

வருசா வருசம் ஏப்ரல், மே வந்தா எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அய்யா, நீங்க எழுதறதைப் படிக்கிறோம். வீடு மாத்தறோம். பசங்க பெரியவங்க ஆயிட்டாங்க. அவங்க புத்தகம் ரெண்டு பெட்டி கிடக்கு. உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கட்டுமா?" கேட்கிறவங்க எல்லாரும் நல்ல மனசுக்காரங்கதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த வருசம் வெளிப்படையாவே எழுதிடறேன். அனுப்பாதீங்க.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அஞ்சாவது வரைக்கும். 32 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். போன வருசம் வந்த ஒரு பெட்டியை நானும் டீச்சரும் சேர்ந்து பிரிச்சோம். உள்ளே இருந்தது: பழைய ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு கைடு மூணு. பாதிக் கட்டம் பேனாவால் நிரப்பின குறுக்கெழுத்துப் புத்தகம். ஒரு மைக்ரோவேவ் சமையல் குறிப்பு. அட்டை போன இங்கிலீஷ் நாவல்கள். சின்னப் பிள்ளைக்குன்னு பார்த்தா ஏழோ எட்டோ தேறுச்சு, அதுல ரெண்டைப் பக்கத்தோட ஏதோ குழந்தை கடிச்சுத் தின்னிருந்தது. தமிழ்ல ஒண்ணுகூட இல்லை. பார்சல் ரசீது மட்டும் பெட்டி மேல பத்திரமா ஒட்டியிருந்தது. அந்தக் காசுக்குப் புதுசா நாலு படப் புத்தகம் வாங்கியிருக்கலாம்.

சரி, வேண்டாததைத் தூக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு வந்ததை டீச்சர் பழைய பேப்பர்காரருக்குப் போட்டா, நாளைக்கு யாராவது போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடுவாங்க, "தானமா வந்த புத்தகத்தை எடைக்குப் போட்ட ஆசிரியை"ன்னு. அந்தப் பயத்துல எல்லாம் பீரோவுக்குள்ள போகுது. இருக்கறதே ஒரு பீரோ. ஐ.ஐ.டி. கைடுக்கு அடியில நல்ல புத்தகம் நாலு மாட்டிக்கிட்டு மூச்சு விட முடியாமக் கிடக்குது.

நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். உங்க வீட்டுல குழந்தை பிறக்கும் முன்னாடியே துணிப் புத்தகம் வந்துடுது. எங்க பக்கம் பல வீட்டுல புத்தகம்னா ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஒரு பஞ்சாங்கம், அவ்வளவுதான். ஒண்ணாவது சேர்ற பிள்ளை கையில எடுக்கிற முதல் கதைப் புத்தகம் பள்ளிக்கூடம் குடுக்கறதுதான். அது மங்கின படமும் பொடி எழுத்துமா இருந்தா, புத்தகம்னா இப்படித்தான் இருக்கும்னு அந்தப் பிள்ளை அன்னைக்கே முடிவு பண்ணிரும். அப்புறம் அதை மாத்தறது சாமானியம் இல்லீங்க.

நாங்க கடலை விதைக்கிறப்ப பருப்பை ஒவ்வொண்ணாக் கையில பொறுக்குவோம். சுருங்கினது, தோல் போனது, ரெண்டா ஒடைஞ்சது எல்லாத்தையும் ஒதுக்கிருவோம். சும்மா கிடைச்சுதுன்னு சொத்தைப் பருப்பை மண்ணுல போடறவன் எங்க தாராபுரம் தாலுக்காவுலயே கிடையாது.

தானம் வர்றதை மட்டும் குத்தம் சொல்லிட்டு நிறுத்தினா அது நியாயம் ஆகாது. காசு குடுத்து வாங்கறதும் அதே லட்சணத்துலதான் இருக்குது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்குன்னே வருசத்துக்கு 5,000 ரூபாய் ஒதுக்க இடம் இருக்கு. பெரிய பணம் இல்லைதான். ஆனா பார்த்து வாங்கினா அதுல ஐம்பது அறுபது நல்ல படப் புத்தகம் வாங்கலாம். பார்த்து வாங்கறதுதான் நடக்கறதில்லை. எங்கேயோ ஒரு பட்டியல், அதுல ஒரு டிக். படப் புத்தகத்தைப் பேரை மட்டும் பார்த்து எப்படிங்க வாங்க முடியும்? பல்லும் பார்க்காம, சுழியும் பார்க்காம, போன்லயே விலை பேசி மாடு பிடிப்பாங்களா யாராச்சும்?

அப்படி வாங்கின ஒரு புத்தகத்தை என் பேத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தா. ரெண்டாவது படிக்கிறா. கிராமத்தைப் பத்தின புத்தகம்னு அட்டையில போட்டிருந்தது. முதல் பக்கத்துல ஒரு விவசாயி ஏர் ஓட்டறார், சுத்தியும் முழங்கால் உயரம் பச்சைப் பயிர். அவ என்கிட்டக் காட்டி, "ஏன் அப்புச்சி, இவரு பயிரோட சேத்து ஓட்டறாரு?"ன்னா. அடுத்த பக்கத்துல கடலைச் செடி. காய் எல்லாம் தக்காளி மாதிரி கிளையில தொங்குது! இன்னொரு பக்கத்துல காங்கேயம் பசு, பக்கத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைக் கன்னுக்குட்டி. காங்கேயம் கன்னு பிறக்கறப்ப செவலையாத்தான் இருக்கும், அஞ்சாறு மாசம் போனாத்தான் நிறம் மாறும். எங்க கட்டுத்தரையில கன்னு போட்டதைப் பக்கத்துல நின்னு பார்த்தவ அவ. "இது இதோட கன்னு இல்ல, வேற யாரோடதோ"ன்னு சொல்லிட்டுப் புத்தகத்தை மூடி வெச்சுட்டா.

சின்ன விசயம்தானேன்னு தோணும். எழுத்துக் கூட்டத் தெரியாத வயசுல பிள்ளை படத்தைத்தான் படிக்குது. நாம வரி வரியாப் படிக்கிற மாதிரி அது இலை, கொம்பு, வால்னு ஒவ்வொண்ணாப் படிக்கும். படம் பொய் சொன்னா அந்தப் பிள்ளைக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு புத்தகத்தை நம்பாது, இல்லைன்னா தன் கண்ணை நம்பாது. ரெண்டாவது வழிக்குப் போற பிள்ளைங்கதான் பின்னாடி "எங்க ஊர்ல ஒண்ணும் இல்லைங்க"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியும்.

உடனே சில பேர் கிளம்புவாங்க. கிராமத்துப் பிள்ளைக்கு மாடு, ஏர், கம்மங்கூழுன்னு மட்டும் புத்தகம் குடுத்தாப் போதும், அதுதான் மண் மணம்னு. அதுவும் ஒரு விதமான கஞ்சத்தனம்தாங்க. எண்பதுகளோட தொடக்கத்துல, நான் நடுநிலைப் பள்ளியில படிக்கிறப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரங்க விக்கிற சோவியத் புத்தகங்கள் எங்க பக்கமும் வரும். மாஸ்கோவுல தமிழ்லயே அச்சடிச்சது. கெட்டியான தாள், கலர் படம், விலை கொஞ்சம்தான். பனி, கரடி, மரவீடு, பெரிய அடுப்பு. இதுல எதையும் நான் கண்ணால கண்டதில்லை. ஆனா வரைஞ்ச ஆள் பனியைப் பார்த்து வரைஞ்சிருந்தான். தாராபுரம் வெயில்ல உக்காந்து படிச்ச எனக்குக் குளிர் தெரிஞ்சுது. எங்க பிள்ளைங்களுக்குக் கடல் வேணும், மெட்ரோ ரயில் வேணும், திமிங்கிலம் வேணும், டைனோசர் வேணும். எதை வேணும்னாலும் குடுங்க. வரைஞ்சவரு பார்த்து வரைஞ்சிருக்காரா, வாங்கறவரு திறந்து பார்த்து வாங்கினாரா, இந்த ரெண்டுதான் என் கேள்வி.

அப்புறம் இந்த நீதிக் கதைங்க. ஏழை வீட்டுப் பிள்ளைன்னாலே அதுக்கு ஒழுக்கம் சொல்லித் தரணும்னு யாரு கண்டுபிடிச்சாங்களோ தெரியலை. பீரோவுல பாதி அதுதான். பொய் சொல்லாதே, பேராசைப்படாதே, பெரியவங்க பேச்சைக் கேளு. உங்க வீட்டுக் குழந்தைக்கு வாங்கறப்ப சிரிக்கிற புத்தகமாப் பார்த்துத்தானே வாங்கறீங்க? எங்க பிள்ளைங்களும் சிரிப்பாங்க. கடைசிப் பக்கத்துல கட்டம் போட்டு நீதின்னு போட்டிருந்தா, அந்தப் பக்கம் மட்டும் அழுக்காகாம அப்படியே புதுசா இருக்குது. நீங்களே வந்து பாருங்க.

இப்பச் சொல்லப் போறது எனக்கு முக்கியம். எங்க பக்கம் கோழிப் பண்ணையிலயும் நூல் மில்லுலயும் வேலை பார்க்க ஒடிசா, பீகார்ல இருந்து குடும்பத்தோட வந்திருக்காங்க. அவங்க பிள்ளைங்களும் எங்க பள்ளிக்கூடத்துலதான். ஒரு பையன், ஒடிசாக் குடும்பம், ரெண்டாவதுல உக்கார வெச்சாங்க. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மூணு மாசம் வாயே திறக்கலை. ஊமைன்னு மத்த பிள்ளைங்க பேரு வெச்சுட்டாங்க.

டீச்சர் ஒரு நாள் எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒண்ணை நடுவுல போட்டாங்க. முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் வெறும் படம்தான், ஒரு எழுத்துக் கிடையாது. அந்தப் பையன் ஊர்ந்து ஊர்ந்து பக்கத்துல வந்தான். பக்கத்தைத் திருப்பினான். திடீர்னு அவன் பாஷையில பேச ஆரம்பிச்சுட்டான். கை, காலு, கண்ணு எல்லாம் பேசுது. மத்த பிள்ளைங்களுக்குப் பாஷை புரியலை, கதை புரியுது, ஏன்னா படம் எல்லாருக்கும் முன்னாடி இருக்கு. ஒரு பொண்ணு "நாய்"னா, அவன் "குக்குர்"ன்னான். அந்த வாரத்துலயே அவனுக்கு நாயும் வந்துருச்சு, மரமும் வந்துருச்சு.

இதை ஊர்ல ஒரு கூட்டத்துல சொல்லி, இந்த மாதிரி இன்னும் அஞ்சு வாங்கலாம்னேன். ஒருத்தர் கேட்டாரு, "எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எதுக்குங்க காசு?" படிச்சவர்தான், டவுன்ல இருந்து வந்தவர். பக்கத்துக்கு இத்தனை வார்த்தைன்னு எண்ணிக் காசு குடுக்கறவங்க கையில தேர்வு இருந்தா, அந்தப் பையன் இன்னைக்கும் ஊமைதான்.

பூட்டு விசயத்துக்கு வர்றேன். சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி 1931-லயே புத்தகமாப் போட்டுட்டாரு. முதல் விதியே புத்தகம் எதுக்கு இருக்குங்கறதைப் பத்தித்தான். நாம இன்னும் இருப்புப் பதிவேட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். புத்தகம் கிழிஞ்சா, தொலைஞ்சா டீச்சர் பதில் சொல்லணும்னு பயப்படற வரைக்கும் பீரோ பூட்டித்தான் இருக்கும். படப் புத்தகம் கிழியணுங்க. ரெண்டு வருசமா முனை மடங்காம இருக்குன்னா, அதை எந்தப் பிள்ளையும் தொடலைன்னு அர்த்தம். இத்தனை கிழிசலைக் கணக்குல கழிச்சுக்கலாம்னு ஒரு வரி உத்தரவு போட்டுட்டா பாதிப் பீரோ தானாத் திறந்துக்கும்.

அரசாங்கத்தை முழுசாக் குறை சொல்லவும் மாட்டேன். வாசிப்பு இயக்கம்னு 2023-ல ஆரம்பிச்சு நுழை, நட, ஓடு, பறன்னு படி படியாப் பிரிச்சுச் சின்னச் சின்னப் புத்தகம் போட்டாங்க. கைக்கு அடக்கமா, சில வரிகளோட, பிள்ளையால ஒரே மூச்சுல முடிக்க முடியற மாதிரி. முடிச்சுட்டேன்னு ஒரு பிள்ளை சொல்றப்ப அது முகத்தைப் பார்க்கணும். யோசிச்சுச் செஞ்சா வரும்கிறதுக்கு அதுவே சாட்சி.

ஆகவே, அனுப்பியே தீரணும்கிறவங்களுக்குச் சொல்றேன். முதல்ல டீச்சர்கிட்டக் கேளுங்க, எந்த வகுப்புல எத்தனை பிள்ளைங்க, என்ன பாஷை பேசறவங்கன்னு. பெட்டி வேண்டாம், மூணு புத்தகம் போதும், புதுசா. நேஷனல் புக் டிரஸ்ட் குறைஞ்ச விலைக்குப் போடறாங்க. சென்னையில தூலிகாக்காரங்க தமிழும் இங்கிலீஷும் ஒரே புத்தகத்துல வர்ற மாதிரி போடறாங்க. இது மாதிரி ரெட்டைப் பாஷைப் புத்தகம் எது வாங்கினாலும், தமிழ் எழுத்து இங்கிலீசுக்கு அடியில எறும்பு மாதிரி கிடக்குதான்னு மட்டும் பார்த்துக்குங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைங்க இலவசமாவே இருக்கு, உக்காந்து முழுசாப் பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம். வாங்கினதை உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஆறு வயசுப் பிள்ளை இருந்தா மடியில வெச்சுச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. "அவன் மகிழ்ச்சியை உணர்ந்தான்"கிற மாதிரி தமிழ் வந்தா நாக்கே தடுக்கும். அதைத் திருப்பிக் குடுத்துருங்க.

இங்க வந்ததுக்கு அப்புறம் அதைப் பீரோவுல வைக்க மாட்டோம். வேப்பமரத்தடியில தார்ப்பாயை விரிச்சு எல்லாத்தையும் பரப்பி விட்டுருவோம். பிள்ளைங்க எதை எடுக்கறாங்களோ அது நிக்கும். ஒரு மாசம் யாரும் தொடாதது, அது நான் வாங்கினதா இருந்தாலும், திரும்பி வந்துரும்.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது. இந்த வாரம் முழுக்க எங்க காட்டுல கடலைக்கொடி பிடுங்கற வேலை, பகல்ல போன் எடுக்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க, பிள்ளைங்க கணக்கு என்கிட்டயே இருக்கு.