சீட்டில் வந்த கட்சி



ஹிரோஷிமா தினத்தன்று எங்கள் வகுப்பில் ‘அணுகுண்டு போட்டது சரியா, தவறா?’ என்று விவாதம் நடந்தது. சீட்டு குலுக்கியதில் எனக்கு ‘சரி’ வந்தது. ஐயோன்னு ஆயிடுச்சு. பிறகு மலேயா தோட்டத் தமிழர்களைப் பற்றிப் படித்தேன். 1942, 43-இல் ஜப்பான் ராணுவம் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய் சயாம்-பர்மா ரயில் பாதை போட வைத்தது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். “ஜப்பான் தோற்றதால்தானே மிச்சம் பேர் பிழைத்தார்கள்?” என்று கேட்டேன். ஒரே கைதட்டல்!

எதிரணித் தோழி எழுந்தாள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்குக் குண்டு விழுந்தபோது, தீ பரவாமலிருக்க வீடுகளை இடிக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நின்றார்களாம். பன்னிரண்டு, பதிமூன்று வயசு. “அவங்களா ரயில் பாதை போட வச்சாங்க?” என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மணி அடிச்சிட்டாங்க. அடிக்காட்டியும் என்னிடம் பதில் இல்லை, அது வேற விஷயம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். செத்தது எங்க வயசுப் பிள்ளைங்களும்தானே? மதிப்பெண் இல்லாமல், மணி இல்லாமல் மறுபடியும் வையுங்கள். எனக்குத் ‘தவறு’ கட்சி கொடுங்கள். ரயில் பாதையை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கம்மாபுரம்