புதுசும் பழசும்

கரெண்ட் போகும்வரை பாட்டரியைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? நானும் நினைக்கவில்லை.

2015 டிசம்பர் 1. அடையாறு ஆறு கோட்டூர்புரத்துக்குள் குடிவந்த ராத்திரி. எங்கள் வீடு முதல் மாடி. கரெண்ட் கட். 'நம்மகிட்டதான் இன்வர்ட்டர் இருக்கே!' என்று மீசையை முறுக்கினேன். இருபதே நிமிஷம். கீச்சென்று கத்திவிட்டு அது மௌனவிரதம் பூண்டது. அம்மாவுக்கு ஆஸ்துமா. நெபுலைசர் ஓடவில்லை. இருட்டில் அந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மீனவர்கள் ஃபைபர் படகைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள்.

"இன்வர்ட்டர் கீதுன்றே, அப்புறம் இன்னா சார் இருட்டு?" என்றார் படகுக்காரர்.

"ரெண்டு பாட்டரிப்பா. ஒண்ணு போன மாசம்தான் மாத்தினேன். இன்னொண்ணு பழசு. அதுவும் ஓடிட்டுதானே இருக்கு, எதுக்கு வீண்செலவுன்னு..."

சிரித்தார். "புச்சயும் பழசயும் ஒண்ணா கட்னியா? துடுப்பு வலிக்கசொல்ல ரெண்டு பேருக்கும் ஒரே தெம்பு இருக்கணும் சார். ஒருத்தன் நோஞ்சான்னா படகு சுத்திக்கினே கெடக்கும். மாத்தினா ரெண்டையும் மாத்து!"

காசிமேட்டில் லாஞ்சில் வேலை பார்த்தவராம். அங்கே இன்ஜினுக்குத் தனி பாட்டரி, விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனி. ராத்திரி முழுக்க விளக்கு எரித்துவிட்டு, காலையில் இன்ஜின் கிளம்பவில்லை என்றால் நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது?

அவர் சொன்னது சத்தியம். 12 வோல்ட் பாட்டரி இரண்டை வரிசையாகக் கோத்தால் 24 வோல்ட். இரண்டிலும் ஓடுவது ஒரே கரெண்ட். நோஞ்சான் முதலில் காலியாகும். புதுசில் சரக்கு இருந்தாலும் இன்வர்ட்டர் நின்றுவிடும். பக்கவாட்டில் இணைத்தால் வோல்ட் அதே 12தான், ஆம்பியர்-அவர் இரட்டிப்பு. ஆனால் அங்கேயும் புதுசு பழசுக்குச் சோறு போட்டே இளைக்கும்.

இப்போது வீட்டில் ஒரே நாளில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள். ஈய-அமில பாட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால், கரெண்ட் போனால் ஒரு விளக்கு, ஒரு ஃபேன் மட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் ஜன்னலோரத்தில் இடம். மாசம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்கிறேன்.

பார்க்கும்போதெல்லாம் அன்றைக்குப் படகில், மூச்சிரைப்புக்கு நடுவே அம்மா என் காதில் சொன்னது ஞாபகம் வரும்:

"பழசானா மாத்திடணும்னு என் எதிர்லயே சொல்றானேடா!"