கோபத்துல குத்துற ஓட்டு

அமெரிக்காக்காரன் ரெண்டா பொளந்து கிடக்கான், 2021 ஜனவரி 6-ல நாடாளுமன்றத்துக்குள்ளயே பூந்துட்டான்னு நம்மாளுங்க உச்சு கொட்டறாங்க. அய்யா சாமிகளா, நாம என்ன ஒழுங்கு?

1996-ல அம்மா மேல கோபம், அதிமுகவுக்கு 4 சீட்டு. 2011-ல கலைஞர் குடும்பத்து மேல கோபம், திமுகவுக்கு 23. யார் வரணும்னு இல்ல, யாரை விரட்டணும்னுதான் பட்டனை அமுக்கறோம். வந்தவங்களும் அதையே உத்தரவா எடுத்துக்கிட்டாங்க. முந்தின ஆட்சி கட்டின தலைமைச் செயலகம் ஆஸ்பத்திரி ஆச்சு. சமச்சீர்க் கல்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த்தான் பிழைச்சுது.

எங்க கள்ளிக்குப்பம் கதையக் கேளுங்க. 2011-ல அம்பத்தூர் நகராட்சியோட சேர்த்து சென்னை மாநகராட்சியில இணைச்சாங்க. 2016 அக்டோபர்ல கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிஞ்சுது. திமுக போட்ட வழக்குல தேர்தல் ரத்து. அதுக்கப்புறம் அதிமுக அரசு இழுத்தடிச்சுது. அடுத்த கவுன்சிலர் வந்தது 2022-ல! அஞ்சு வருஷத்துக்கு மேல, சாக்கடை அடைச்சா போய்ச் சொல்ல நாம ஓட்டுப் போட்ட ஆள் கிடையாது. டீக்கடையில மட்டும் 'உங்காளு திருடன், எங்காளு தியாகி' சண்டைக்குக் குறைச்சலே இல்ல.

கோபப்படுங்க, வேணாங்கல. ஆனா ஓட்டு கேட்டு வர்ற ரெண்டு கரை வேட்டிகிட்டயும் அந்த அஞ்சு வருஷத்துக்குக் கணக்கு கேளுங்க. முதல்ல உங்க கட்சிக்காரன்கிட்ட கேளுங்க.