ஐயப்படுபவருக்கு ஆதாரத்தைக் காட்டுவோம்

"பூமி முன்பும் சூடாகியிருக்கிறதே, அப்போது தொழிற்சாலை ஏது?" வகுப்பிலும் பெற்றோர் கூட்டத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. விஞ்ஞானிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லி வாயடைப்பது சுலபம். அறிவியல் ஆசிரியர் அதைச் செய்யக் கூடாது. கேள்வி நியாயமானது, அதற்கான பதில் நாம் நடத்தும் பாடங்களுக்குள்ளேயே இருக்கிறது.

1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? ஐசோடோப்புகளைக் கேட்க வேண்டும். கார்பன்-14இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சாது. 20ஆம் நூற்றாண்டு மரக்கட்டையில் கார்பன்-14 முந்தைய நூற்றாண்டைவிடக் குறைந்திருப்பதை 1955இல் ஹான்ஸ் சூயஸ் காட்டினார். மிகப் பழைய கார்பன் காற்றில் கலந்திருந்தது.

எரிமலைக் கார்பனும் பழையதுதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம், கேட்க வேண்டும். செடிகள் ஒளிச்சேர்க்கையில் கார்பன்-13ஐவிட இலேசான கார்பன்-12ஐயே விரும்பி ஏற்கின்றன. ஆகவே செடிகொடிகளும் கடல் நுண்ணுயிர்களும் மட்கி உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அவ்வளவு குறைவில்லை. காற்றில் கார்பன்-13இன் விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆக்சிஜனும் சிறிது சிறிதாகக் குறைகிறது. கடல் கக்கிய வாயுவாக இருந்தால் அது இப்படிக் குறையாது. காடு எரிந்தாலும் இவ்விரண்டும் குறையும், ஆனால் கார்பன்-14 அவ்வாறு குறையாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாதம் முழுமை பெறும்.

வெப்பமாதலுக்குச் சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கோடு மேல் அடுக்கும் சூடாக வேண்டும். கார்பன் டைஆக்சைடு காரணமென்றால் கீழே சூடாகி, மேலே குளிர வேண்டும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இலேயே கணக்கிட்டனர். செயற்கைக்கோள்கள் பதிவுசெய்ததும் அதையே.

வெப்பநிலைப் பதிவுகளை நம்பாத பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் தாமே ஒரு குழு அமைத்து அவற்றைச் சோதித்தார். 2012இல், மனிதச் செயலே காரணம் என்று வெளிப்படையாக எழுதினார். அவரை மாற்றியது தரவு.

கதிரியக்கம் நடத்தும் வாரத்தில் இந்த வாதத்தை மாணவர்களிடம் ஒப்படையுங்கள். மௌனா லோவா அளவீடுகள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடத்தை அவர்களே போடட்டும். மறுப்பவர் முதலில் பேசட்டும்.