ஓடினால் நோயாம்!

1851ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டின் தென்புலத்திலே லூசியானா மாநிலம். அங்கே பருத்தி வெடித்து வெள்ளைவெளேரென்று சிரித்தது. அந்த வெண்மையை விளைவித்த கரங்களோ கறுப்பு. அக்கரங்களுக்குக் கூலி கிடையாது, விலை மட்டும் உண்டு! சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கப்பட்ட மனிதர்கள், இரவோடிரவாகச் சதுப்பு நிலங்களைக் கடந்து, வேட்டைநாய்களின் குரைப்பொலியைப் பின்னே விட்டு, வடக்கு நோக்கி ஓடினர். ஏன் ஓடினர் என்று எவரும் கேட்கமாட்டார். கூண்டு திறந்தால் கிளி பறக்காதோ?

கேட்டார் ஒருவர். கேட்டதோடு நில்லாமல் விடையும் கண்டுபிடித்தார். சாமுவேல் கார்ட்ரைட் என்பது அவர் பெயர். பண்ணையாரல்ல, படைத்தலைவரல்ல, மருத்துவர்! பட்டமும் பதவியும் பெற்றவர். அவர் லூசியானா மருத்துவச் சங்கத்தின் முன்னே ஆய்வுரை படித்தார்: அடிமை ஓடுகிறான் என்றால் அவன் மூளையிலே நோய் புகுந்துவிட்டது என்று பொருளாம். 'ட்ராப்பெட்டோமேனியா' என்று கிரேக்கச் சொற்களைக் கோத்து அதற்கொரு பெயரும் சூட்டினார். பெயர் சூட்டியாயிற்று, மருந்து? முகம் சுளிக்கும் அடிமைக்கு, ஓட்டம் பிடிக்குமுன்னரே, சவுக்கடி கொடுக்கவேண்டும் என்றார். வேலையிலே ஊக்கமின்றி நின்றால் அதற்கு வேறொரு நோய்ப்பெயர்! கலப்பை உடைந்தால் நோய், களை எடுக்காவிடில் நோய், கண்ணீர் சிந்தினால் நோய்... எசமானன் மட்டும் நலமாக இருந்தான், தோழர்களே! மனிதனை விற்று மனைவிக்கு நகை வாங்கிய அவனுக்கு எந்த நோயும் இருப்பதாக எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

இந்தக் கதையை ஏன் இன்று எடுத்தேன்? காரணம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே மனநோய் என்றாலே மூடி மறைக்கும் வழக்கம் இருக்கிறது. மருத்துவரிடம் போவது மானக்கேடு என்று எண்ணும் போக்கு இருக்கிறது. அதை மாற்றக் கறுப்பின உளமருத்துவர்கள் ஊர் ஊராகப் பாடுபடுகிறார்கள். இந்தச் செய்தியைப் படிப்போர் பலர், "பாவம், படிப்பறிவில்லாத மக்கள்! விழிப்புணர்வு ஊட்டுகிறார்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவர். புரட்டவேண்டியது பக்கத்தையல்ல, அந்த எண்ணத்தை. அம்மக்கள் மருத்துவத்தை அறியாததால் அஞ்சவில்லை, அறிந்ததால் அஞ்சினார்கள்!

1840ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் பாருங்கள். அடிமை நாட்டிலுள்ள கறுப்பரைவிட, வடக்கே உரிமை பெற்று வாழும் கறுப்பரிடையே பித்துப் பிடித்தோர் பன்மடங்கு என்று கணக்குக் காட்டிற்று. கண்டாயா, விடுதலை கொடுத்தால் மூளை கலங்கிவிடும் என்று துள்ளினார் ஜான் கால்ஹவுன், அன்றைய வெளியுறவுச் செயலாளர். மாசசூசெட்ஸ் மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் அந்தக் கணக்கைத் தோண்டினார். சில ஊர்களிலே மொத்தக் கறுப்பர் தொகையைவிட, அவர்களுள் பித்தரின் தொகை அதிகமாக இருந்தது! ஆளே இல்லாத ஊரில் பைத்தியம் மட்டும் இருந்ததாம். ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் எனும் கறுப்பின மருத்துவரும் அதைக் கிழித்தெறிந்தார். அமெரிக்கக் கல்லூரிகள் தோலைப் பார்த்துக் கதவடைத்ததால், கடல் கடந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1837இல் பட்டம் பெற்றவர் அவர். மறுப்பு வந்தது, திருத்தம் வரவில்லை.

அடிமை முறை ஒழிந்த பிறகு? மேரிலாந்து மாநிலத்தில் கிரௌன்ஸ்வில் என்னுமிடத்திலே, 1911இல், கறுப்பின மனநோயாளர்க்கென்று தனி விடுதி தொடங்கினார்கள். கட்டியவர் யார் தெரியுமா? நோயாளிகளே! காட்டை வெட்டினர், கல் சுமந்தனர், தம்மை அடைக்கும் சுவரைத் தாமே எழுப்பினர். 1950களில் அங்கே அடைபட்டோர் தொகை 2,700ஐ எட்டிற்று. 2004இல்தான் அது மூடப்பட்டது. ஒரு பாட்டி தன் பேரனிடம், "மனம் சரியில்லை என்று வெளியே சொல்லாதே" என்று வாயைப் பொத்தினாள் என்றால், அந்தப் பாட்டி மூடநம்பிக்கைக்காரியா? அனுபவசாலியா?

டஸ்கீகியைப் பற்றி மிகச் சொல்ல வேண்டியதில்லை, உலகறிந்த கொடுமை. 1932 முதல் 1972 வரை, 40 ஆண்டுகள், அலபாமாவின் ஏழைக் கறுப்பர் 399 பேரின் மேகநோயை அரசு மருத்துவர்கள் ஆற்றாமலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; பென்சிலின் கைக்கு வந்தபின்னும் கொடுக்கவில்லை. அது மனநோயன்று, ஆனால் மருத்துவரின் வெள்ளை அங்கியைக் கண்டால் நடுங்கும் நடுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று கேளுங்கள், இது நம் போன்ற இயக்கத்தார் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது. 1968இல் மருத்துவர் இருவர், கறுப்பர் விடுதலை முழக்கத்தோடு இணைத்து 'எதிர்ப்புப் பித்து' என்றொரு நோய்ப்பெயரை மருத்துவ ஏட்டிலே வெளியிட்டனர். 1974இல் ஒரு மனநோய் மருந்து விளம்பரம்: முட்டியை ஓங்கிச் சினந்து நிற்கும் கறுப்பன் படம், அவனை அடக்க இந்த மருந்து என்று பொருள்பட! மிச்சிகனின் அயோனியா மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்த ஜோனதன் மெட்சல், முன்னாளில் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களுக்கு எழுதப்பட்ட 'ஸ்கிசோஃப்ரீனியா' எனும் நோய்ப்பெயர், 1960களில் டெட்ராயிட் நகரத்துக் கறுப்பின ஆண்கள்மீது வந்து கவிந்ததைக் காட்டியிருக்கிறார். 1851இல் ஓடியவன் நோயாளி. 1968இல் எதிர்த்து நின்றவன் நோயாளி. ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. குனிந்து கிடந்தால் மட்டும் குணம்!

ஆகவே, அங்கே உளமருத்துவர் ஒருவர் மக்களிடம் போய், "என்னிடம் மனம் திறந்து பேசுங்கள்" என்று கேட்பது சின்ன வேண்டுகோளன்று. 100 ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கொன்று தீர்க்கப்படாமல் கிடக்கையில், "என்னை நம்புங்கள்" என்று கை நீட்டுவதாகும்.

அந்தக் கையை முதலில் நீட்டியவர்களுள் ஒரு கூட்டத்தை நான் மிகவும் போற்றுகிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. 1946. புனித பிலிப்பு தேவாலயத்தின் அடித்தளத்திலே ஒரு மனநலக்கூடம் திறந்தது. மாலை நேரங்களில் மட்டும். மருத்துவர்கள் ஊதியமின்றி வந்தனர். கட்டணம் 25 சென்ட், இருந்தால் கொடுக்கலாம். பிரெடெரிக் வெர்த்தாம் எனும் மருத்துவரும், கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும் முன்னின்றனர். கூடத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள்? லஃபார்க் மனநலக்கூடம்! ஆம், கார்ல் மார்க்சின் மருமகன் பால் லஃபார்க். கியூபாவில் பிறந்த கலப்பினத்தவர், மருத்துவம் பயின்றவர், உழைப்போரின் ஓய்வுரிமைக்கு நூல் செய்தவர். தேவாலயத்தின் அடித்தளத்திலே மார்க்சின் மருமகன்! மேலே செபம், கீழே சிகிச்சை. நாடகத்துக்கு நானே இப்படியொரு காட்சி அமைத்தால், நடவாததை எழுதுகிறான் என்பார்கள்.

அந்தக் கூடத்து மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியில் சாய்த்து, "குழந்தைப் பருவத்தில் என்ன கனவு கண்டாய்?" என்று மட்டும் கேட்கவில்லை. "வாடகை எவ்வளவு? வேலை உண்டா? போலீசு அடித்ததா?" என்றும் கேட்டார்கள். டெலவேர் மாநிலத்தில் பள்ளிகளை நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்ததை எதிர்த்து வழக்கு வந்தபோது, அங்கிருந்து குழந்தைகளை, கறுப்புக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும், ஹார்லெமுக்கு வரவழைத்து ஆய்ந்தனர். பிரிவினை இருசாராரையும் கெடுக்கிறது என்று 1951இல் வெர்த்தாம் நீதிமன்றம் ஏறிச் சொன்னார். அந்த வழக்கு, 1954இல் பள்ளிப் பிரிவினையை வீழ்த்திய பிரௌன் தீர்ப்பிலே போய்ச் சேர்ந்தது. அதே ஹார்லெமிலே, அதே 1946இல், குழந்தைகளுக்கான நார்த்சைடு நிலையத்தைத் தொடங்கியவர்கள் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும். கறுப்புப் பொம்மை, வெள்ளைப் பொம்மை இரண்டையும் நீட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளையைத் தொட்டுக் காட்டியதை உலகுக்கு உரைத்த இணையர்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். எனக்குத் தெரியும், மாலைக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கையில் எழும் கேள்விதான். "அநியாயம் சமுதாயத்தில் இருக்கும்போது, மருந்தைத் தனி மனிதனுக்குக் கொடுத்து என்ன பயன்? சங்கிலியை அறுக்காமல் காயத்துக்குக் களிம்பு பூசுவதா? அடிமையை அமைதிப்படுத்துவது ஆண்டைக்குச் செய்யும் தொண்டாகாதா?"

நல்ல கேள்வி. 1967இல் மார்ட்டின் லூதர் கிங், உளவியலறிஞர்களின் மாநாட்டிலேயே போய் இதைத்தான் எழுப்பினார்: நிறவெறியோடும் வறுமையோடும் போரோடும் ஒத்துப்போக மறுக்கும் மனம் நோயுற்ற மனமன்று என்றார். 1969இல் கறுப்பின மனநோய் மருத்துவர்கள் மயாமி மாநாட்டில் அறங்காவலர் கூட்டத்துக்குள் நுழைந்து, நம் துறைக்குள்ளேயே நிறவெறி இருக்கிறது என்று முழங்கினர். அவர்களின் தலைவர் செஸ்டர் பியர்ஸ், அன்றாட வாழ்வில் கறுப்பர்மீது விழும் சிறு சிறு இழிவுகளுக்கு 1970இல் ஒரு பெயரிட்டார்: நுண்தாக்குதல். ஒரு துளி கொல்லாது. ஓயாத துளி பாறையைத் துளைக்கும்.

எனினும் தோழருக்கு என் விடை இது: காயம்பட்ட போர்வீரனிடம், வெற்றி கிட்டும்வரை கட்டுப் போடாதே என்று எந்தப் படைத்தலைவனும் சொல்வதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 5 வயது முதல் 12 வயதுவரையுள்ள கறுப்புக் குழந்தைகள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் விகிதம், வெள்ளைக் குழந்தைகளைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்று சொல்லிற்று. ஐந்து வயது, தோழர்களே! அந்தப் பிஞ்சிடம் போய், "புரட்சி வரும், பொறு" என்று சொல்லும் நெஞ்சு எனக்கில்லை.

சரி, இன்று அங்கே எப்படிப் பணி நடக்கிறது? முடிதிருத்தும் நிலையத்திலே நடக்கிறது! லொரென்சோ லூயிஸ் என்பவர். தாய் சிறையிலிருந்தபோது பிறந்தவர். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரிலே 2016இல் அவர் தொடங்கிய இயக்கம், முடிதிருத்தும் தோழர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. எப்படிச் செவிகொடுப்பது, நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்லும் துயரை எள்ளாமல் எப்படி ஏற்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்று கற்பிக்கிறது. மருத்துவமனைக்கு வராத மனிதன் முடிவெட்டிக்கொள்ள வருவானல்லவா? கத்தியைக் கழுத்தருகே அனுமதிக்கிறான் என்றால் நம்பிக்கை முன்பே இருக்கிறது, புதிதாக வளர்க்கவேண்டியதில்லை. இது நமக்கு விளங்காத சூட்சுமமா? நம் இயக்க ஏடுகள் முதன்முதலில் உரக்கப் படிக்கப்பட்ட மன்றங்கள் எவை? முடிதிருத்தும் நிலையங்களும் தேநீர்க் கடைகளுமன்றோ! முடிதிருத்தும் குலத்தாருக்கு 'மருத்துவர்' என்ற பெயரும் இந்நாட்டில் உண்டு. அறுவையும் அவர்களே, மகப்பேறும் அவர்தம் மகளிரே பார்த்த காலத்தின் சான்று அது. பெயரைக் கொடுத்துவிட்டுப் பெருமையைப் பிடுங்கிக்கொண்டது சாதி. அது வேறு கதை.

பெண்களிடையே நடக்கும் பணி இன்னும் கடினம். கறுப்பினப் பெண் என்றால் கல்லாலானவள், கலங்கமாட்டாள், எல்லாம் தாங்குவாள் என்று புகழ்ந்தே அவளை அழவிடாமல் செய்துவிட்டனர். அட்லாண்டா நகர உளவியலறிஞர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014இல் தொடங்கி, பேச்சாலும் எழுத்தாலும் அந்தப் பொய்ப்புகழைத் தகர்த்து வருகிறார். அவருக்கு முன்னரே, தம் குடும்பத்திலேயே மனநோயைக் கண்ட நாவலாசிரியை பீபி மூர் கேம்பெல், லாஸ் ஏஞ்சல்சிலே வாய் திறந்து பேசினார், 2006இல் மறைந்தார். 2008 முதல் ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் அவர் பெயரால் மனநல விழிப்புத் திங்களாகக் குறிக்கப்படுகிறது.

கோயிலும் இதில் உண்டு. செபித்தால் சரியாகும், நம்பிக்கை குறைந்ததால் நோய் வந்தது என்ற பேச்சை உளமருத்துவர்கள் எதிர்கொள்கிறார்கள். கடவுள் வழக்கை இன்று நான் இங்கே நடத்தப்போவதில்லை. அதற்கு வேறு ஞாயிறு இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: அங்கே கறுப்பர் தேவாலயம் உரிமைப்போரின் பாசறையாகவும் இருந்தது. ஆகவே மருத்துவர்கள் அதனோடு மல்லுக்கு நிற்காமல், உள்ளே சென்று, செபிப்பவனும் மருந்துண்ணலாம் என்று பேசுகிறார்கள். வழி அறிந்தவர்கள்.

நம்மவர்க்கு ஒரு சொல். வாதம் வற்றியதும், எதிரியை 'பைத்தியக்காரன்' என்றும், 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு' என்றும் முழங்கிக் கைதட்டு வாங்கும் பேச்சாளர் சிலர் நம் மேடைகளிலும் உளர். ஓர் ஊரின் பெயரையே வசவாக்கிய அந்தக் கைதட்டல், கூட்டத்தின் கடைசி வரிசையிலே நோயுற்ற மகனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாயின் செவியிலும் விழுகிறது. கார்ட்ரைட் செய்ததும் அதுதான், பிடிக்காதவனுக்கு நோய்ப்பெயர்!

இனி, வெட்கத்தை மட்டும் நீக்கினால் போதுமா? வெட்கம் நீங்கி ஒருவன் கதவைத் தட்டுகிறான், திறப்பார் யார்? அமெரிக்க மக்களில் கறுப்பர் 100க்கு 13 பேர். 2015ஆம் ஆண்டுக் கணக்கில் உளவியலறிஞருள் கறுப்பர் 100க்கு 4 பேர். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் நகரின் 320 உளமருத்துவர்களுக்குத் தொலைபேசியில் குரல்செய்தி விட்டுப் பார்த்தார்கள். வேலைநாள் மாலையில் நேரம் பெற, நடுத்தர வகுப்பு வெள்ளைப் பெண் 5 பேரை அழைத்தால் போதும். உழைப்பாளிக் கறுப்பன் 80 பேரை அழைக்கவேண்டும்! எண்பதாவது அழைப்புக்கு முன்னரே அவன் மனம் உடைந்திராதா? 2021இல் மனநோய் மருத்துவர் சங்கமும் உளவியலறிஞர் சங்கமும் தம் துறைகளின் நிறவெறிக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டன. வரவேற்கிறேன். மன்னிப்பு கதவைத் திறக்குமா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஏனெனில் கதவைத் திறக்கப் பணம் வேண்டும். லஃபார்க் கூடம் அறக்கட்டளைகளின் வாயிலில் நின்று கேட்டது, கிட்டவில்லை, 1958இல் மூடிற்று. 2022இல் அமெரிக்க ஒன்றியம் ஒரு சட்டம் செய்து, பள்ளிகளில் மனநல ஆலோசகர்களைப் பயிற்றி அமர்த்த நிதி ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு, அதில் சுமார் 100 கோடி டாலரை நிறுத்துவதாக அறிவித்தது. குற்றம் என்ன? பல இனத்து ஆலோசகர்களும் வரவேண்டும் என்று சில திட்டங்கள் முயன்றனவாம்! மாநிலங்கள் நீதிமன்றம் ஏறின. ஹார்லெமிலே ஏழைகளின் 25 சென்ட்டும் மருத்துவர்களின் இலவச மாலைகளும் ஒரு கூடத்தை 12 ஆண்டுகள் தாங்கின. வல்லரசின் 100 கோடி மூன்றாண்டுகூடத் தாங்கவில்லை.